துருவத்தில் இறங்கிய குளிர்நீர் மேலே வருவது எப்படி? யார் தூக்குகிறார்கள்?

#1 கயல்
எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன வியாழக்கிழமை பதினொன்றாம் வகுப்பில் வெப்பச்சலனம் நடத்தினேன். பாடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போகலாமே என்று உலகக் கடல்களின் பெரிய சுழற்சியைப் பலகையில் வரைந்தேன். நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கிரீன்லாந்து அருகே ஒரு அம்பு கீழே இறங்கும். நீல நிறத்தில் அட்லாண்டிக்கின் அடியில் தெற்கே போகும். அண்டார்டிகாவைச் சுற்றும். அப்புறம் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் சிவப்பாக மாறி மேலே வந்துவிடும்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், கனமான தண்ணி கீழ போறது சரி. கனமான தண்ணி எப்படி மிஸ் மேல வரும்? யாரு தூக்குறா?" என்றாள். சூடாகி லேசாகி வரும் என்றேன். "வெயில் மேலதான படுது? நாலு கிலோமீட்டர் கீழ எது சூடாக்கும்?" என்று திரும்பக் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் இறங்கும் இடத்தில் ஊர் பெயர் போட்டிருக்கிறது, ஏறும் இடத்தில் ஒரு அம்பு மட்டும்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை அவளுக்குச் சொல்ல வேண்டும்.

#2 வெப்பவியல்
டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் கேட்டதைத்தான் கடலியல்காரர்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீர் இறங்குவதில் பெரிய புதிர் இல்லை. ஏறுவதில்தான் எல்லாப் புதிரும்.

அடுப்பில் வைத்த பானையை மனதில் வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. பானைக்கு நெருப்பு அடியில். கடலுக்கு நெருப்பும் மேலே, பனியும் மேலே. வெயில் படும் இடமும் குளிரும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் வலுவான சுழற்சி நடக்காது என்று சுவீடனின் சாண்ட்ஸ்ட்ராம் 1908-லேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னது எவ்வளவு தூரம் கடலுக்குப் பொருந்தும் என்பதில் சண்டை உண்டு, ஆனால் உள்ளே இருக்கும் கருத்து உறுதியானது. குளிர்நீர் அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே வெதுவெதுப்பான நீர் மிதக்கும். யாரும் கலக்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

வகுப்பில் காட்ட ஒரு வழி சொல்கிறேன். கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத்தை ஊற்றி, அதன் மேல் கரண்டியின் முதுகு வழியாகத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். சர்பத் அடியில் கருஞ்சிவப்பாக நிற்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் தானாக மேலே வராது. கரண்டியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வரும். கனமான சர்பத்தை மேலே தூக்கியது உங்கள் கை. கடலில் அந்தக் கையும் கரண்டியும் எங்கே என்பதுதான் கேள்வி.

எவ்வளவு நீர் என்பதையும் சொல்லிவிடுங்கள். வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவைச் சுற்றியும் சேர்த்து வினாடிக்கு ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர் நீர் ஆழத்துக்கு இறங்குகிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலில் கொட்டுவது வினாடிக்குச் சுமார் 12 லட்சம் கன மீட்டர். இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்! இவ்வளவு நீர் இறங்கிக்கொண்டே இருந்தும் கடல் அடி முதல் முடி வரை குளிர்நீராக நிரம்பாமல் இருக்கிறதென்றால் அதே அளவு எங்கோ ஏறியாக வேண்டும்.

#3 மாலுமி
பல வருஷம் ஆய்வுக் கப்பல்களில் கருவித் தொழில்நுட்ப வேலை பார்த்தவன் நான். கணக்கு எனக்கு வராது, கையால் தொட்டதைச் சொல்கிறேன்.

வங்காள விரிகுடாவில் ஒரு மே மாதம். தளத்தில் கால் வைக்க முடியாத வெயில். வளையமாக நீர்க்குப்பிகளைக் கட்டிய கருவியை 3,000 மீட்டருக்கு இறக்கினோம். போய் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே வந்ததும் ஆழத்து நீர் அடைத்த குப்பிகள் மட்டும் வெளியே வியர்த்துக் கொட்டும். மேல்மட்ட நீர்க்குப்பிகள் காய்ந்தபடி நிற்கும். பார்த்தவுடனே எது எந்த ஆழத்தது என்று சொல்லிவிடலாம். குழாயைத் திறந்து மாதிரி பிடிக்கும்போது விரல் மரத்துப்போகும். 2 டிகிரிக்குக் கிட்டத்தட்ட வரும் அந்த நீர். காலடியில் கொதிக்கும் தளம், கையில் அண்டார்டிகா. முதல் தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இன்னும் மறக்கவில்லை.

வெப்ப மண்டலக் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர் என்பது 1751-லேயே தெரியும். ஹென்றி எல்லிஸ் என்ற கப்பல் தலைவர் அட்லாண்டிக்கில் மூடி போட்ட வாளி ஒன்றை ஒரு மைலுக்கும் மேல் கயிற்றில் இறக்கிப் பார்த்தார். மேலே 29 டிகிரி, கீழிருந்து வந்த வாளியில் 12 டிகிரி. குளிக்கவும் மதுவைக் குளிர வைக்கவும் அந்த நீர் உதவியது என்று எழுதி வைத்திருக்கிறார். இந்தக் குளிர் துருவத்திலிருந்து வருகிறது என்று ரம்ஃபோர்டு பிரபு சொன்னது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து.

நம் பக்கத்திலும் இது பயன்படுகிறது டீச்சர். லட்சத்தீவில் கவரத்தியில் 2005 முதல் ஓடும் குடிநீர் ஆலை 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரை இழுத்து ஆவியைக் குளிர வைத்துத்தான் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தருகிறது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைத்தது.

#4 வடமராட்சியான்
வணக்கம் ரீச்சர், நல்ல இழை. எனக்கொரு சந்தேகம். வெப்பம் தானாகவே மெல்ல மெல்லக் கீழே கடந்து போகாதோ? ஆழ்கடல் நீருக்கு ஆயிரம் வருஷ அவகாசம் இருக்கெண்டு சொல்லுகினம். அவ்வளவு காலம் போதாதோ?

#5 வெப்பவியல்
போதாது தம்பி. அசையாத நீரில் வெப்பம் விரவும் வேகம் வினாடிக்கு 0.0014 சதுர சென்டிமீட்டர். அந்த வேகத்தில் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு நூறு மீட்டர்கூடத் தாண்டாது. கீழே இருப்பது நான்கு கிலோமீட்டர்.

சரி, எவ்வளவு வேகம் வேண்டும்? இதைக் கணக்குப் போட்டவர் வால்டர் மங்க், 1966-இல். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் இருந்தவர். நடுப் பசிபிக்கில் ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலையும் கதிரியக்கக் கார்பனும் எப்படி மாறுகின்றன என்ற அளவுகளை எடுத்துக்கொண்டார். அடியிலிருந்து குளிர்நீர் ஏறி வருகிறது, மேலிருந்து வெப்பம் கலந்து இறங்குகிறது, இரண்டும் சரிக்குச் சரி நின்றால் இந்த வடிவம் கிடைக்கும் என்று வைத்தார். நீர் மேற்பரப்பை விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று காட்டும் கார்பன்தான் அவருக்குக் கடிகாரம். விடை: நீர் நாளுக்கு 1.2 சென்டிமீட்டர் ஏறுகிறது. அதற்கு வேண்டிய விரவல் வினாடிக்கு 1.3 சதுர சென்டிமீட்டர். நீங்கள் சொன்ன தானாக விரவும் வேகத்தைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

நாளுக்கு 1.2 சென்டிமீட்டர் என்றால் வருஷத்துக்கு நாலரை மீட்டர் கூட இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். உங்கள் ஆயிரம் வருஷம் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது பாருங்கள். நான் மாணவனாக இருந்தபோது இதை வீட்டில் நானே போட்டுப் பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

#6 கணக்கன்
மங்க் அத்தோடு விடவில்லை. 1998-இல் கார்ல் வுன்ஷ் என்பவரோடு சேர்ந்து, "சரி, இப்படிக் கலக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்?" என்று கணக்கெடுத்தார். விடை சுமார் 2 டெராவாட், அதாவது 2 லட்சம் கோடி வாட். கேட்கப் பெரிய தொகை. கடல் பரப்பால் வகுத்துப் பாருங்கள், சதுர மீட்டருக்கு 6 மில்லிவாட்தான் வருகிறது. ஒரு சாதாரண சிவப்பு எல்.இ.டி. விளக்குக்கே 40 மில்லிவாட் வேண்டும். ஆறேழு சதுர மீட்டர் கடலுக்கு, அடிவரை உள்ள நாலு கிலோமீட்டர் நீருக்கும் சேர்த்து, ஒரு எல்.இ.டி. அவ்வளவுதான் கரண்டிக்குக் கூலி! அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் நீரைத் தூக்கப் பயன்படும். மீதி உராய்ந்து வெப்பமாகிவிடும்.

கூலி கொடுப்பது யார்? பாதி காற்று. பாதி நிலா.

நிலாவும் சூரியனும் கடலை இழுப்பதால் ஓதம் ஏறி இறங்குகிறது. இது கரையில் மட்டும் நடப்பதாக நினைக்கிறோம். நடுக்கடலில் அடி முதல் முடி வரை முழு நீரும் முன்னும் பின்னும் அசைகிறது. அப்படி அசையும் நீர் கடலடி மலைத்தொடரின் மேல் ஏறி இறங்கும்போது, அடுக்கடுக்காக இருக்கும் நீரில் உள் அலைகள் கிளம்புகின்றன. மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது, உள்ளே பல பத்து மீட்டர் உயரத்துக்கு அலை நடக்கும். நமக்குப் பக்கத்தில் அந்தமான் கடல் இதற்குப் பேர்போனது. செயற்கைக்கோள் படத்தில் வரி வரியாகத் தெரியும். அந்த அலைகள் உடையும் இடத்தில் நீர் கலக்கிறது.

டோபெக்ஸ் போசைடன் செயற்கைக்கோள் அளந்த கடல்மட்டத்தை வைத்து 2000-இல் எக்பர்ட், ரே என்ற இருவர் ஓத ஆற்றல் எங்கே செலவாகிறது என்று வரைபடம் போட்டார்கள். பெரும்பகுதி ஆழமில்லாத கரையோரக் கடல்களில்தான். ஆனால் சுமார் 1 டெராவாட் ஆழ்கடலில், கரடுமுரடான மலைகளுக்கு மேலே செலவாகிறது. இந்தச் செலவு பூமியின் சுழற்சிக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது, அந்த இழுபறியில் நிலாவும் மெல்ல விலகுகிறது. அப்போலோ பயணிகள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் அடித்து அளந்தால், நிலா வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. உங்கள் மாணவிக்கு இதைச் சொல்லுங்கள் டீச்சர். யார் தூக்குறா என்று கேட்டாளே, தூக்குபவர்களில் நிலாவும் ஒருத்தி.

#7 கயல்
இதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிலாவைப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஓதமும் காற்றும் கலக்குகின்றன, வெயிலின் வெப்பம் கீழே இறங்குகிறது, அடிநீர் லேசாகி எல்லா இடத்திலும் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறுகிறது. சரிதானே?

#8 மாலுமி
அவசரப்படாதீர்கள் டீச்சர். "எல்லா இடத்திலும்" என்ற இடத்தில்தான் கதை மாறுகிறது. கடலில் இறங்கி அளந்தபோது மங்க் சொன்ன எண் கிடைக்கவில்லை.

எப்படி அளப்பது என்று சொல்லிவிடுகிறேன், நான் செய்த வேலை அது. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான குழாய்க் கருவி. கயிறு கிடையாது. எடை கட்டி விட்டுவிடுவோம், தானாக விழும். அதன் மூக்கு நுனியில் பென்சில் முனை அளவுக்கு இரண்டு மூன்று உணரிகள். நீரின் மிக நுண்ணிய நடுக்கத்தை, சென்டிமீட்டர் அளவுச் சுழிகளை, அவை உணரும். கயிறு இருந்தால் கப்பலின் ஆட்டம் கயிற்றில் இறங்கி அளவைக் கெடுத்துவிடும், அதனால்தான் விட்டுவிடுகிறோம். தரையை நெருங்கியதும் எடையை உதறிவிட்டு மிதந்து மேலே வர வேண்டும்.

ஒரு ராத்திரி வர வேண்டிய நேரம் தாண்டி நாற்பது நிமிஷம் ஆகியும் வரவில்லை. எடை உதறும் கொக்கியில் நான்தான் கடைசியாகக் கை வைத்திருந்தேன். தளத்தின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பத்துப் பேர் இருட்டைப் பார்த்து நின்றோம். யாரும் பேசவில்லை. அப்புறம் ரொம்ப தூரத்தில், நாங்கள் எதிர்பார்த்த பக்கத்துக்கு நேர் எதிரே, ஒரு விளக்கு மினுக்கியது. ஓட்டம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அன்று கிடைத்த தரவில் முக்கால்வாசி, நீர் அசைவே இல்லை என்பதுதான். நாலாயிரம் மீட்டர் அமைதி. கடைசி இருநூறு மீட்டரில் மட்டும் கோடு துடித்தது.

உலகம் முழுக்க இதே கதைதான். 1992-இல் கனேரித் தீவுகளுக்கு மேற்கே, 300 மீட்டர் ஆழத்தில், சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு என்ற தீங்கில்லாத வாயுவைக் கரைத்து விட்டார்கள். மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவியது. மேலும் கீழும் சில பத்து மீட்டர்தான். விரவல் வினாடிக்கு 0.1 சதுர சென்டிமீட்டர் சொச்சம், மங்க் கேட்டதில் பத்தில் ஒரு பங்கு.

அப்புறம் 1996 வாக்கில் பிரேசிலுக்குக் கிழக்கே அட்லாண்டிக் அடித்தளத்தில் பெரிய சோதனை. மேற்கே தரை வழுவழுப்பாக இருக்கும் இடத்தில் அதே 0.1. கிழக்கே நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் கரடுமுரடான சரிவுக்கு மேலே 1-ஐத் தாண்டி, தரைக்கு அருகே 5 வரை போனது. கடல் முழுக்கக் கரண்டி சுற்றவில்லை. மலைகளை ஒட்டி மட்டும் சுற்றுகிறது.

#9 தெற்குக்காற்று
எல்லாரும் கலக்கலையே பேசுகிறீர்கள், நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆழ்நீரில் பெரும்பகுதி கலக்கல் இல்லாமலேயே மேலே வருகிறது. அண்டார்டிகாவைச் சுற்றிப் பாருங்கள். மேற்குக் காற்று நிற்காமல் வீசுகிறது. பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றுக்கு இடப்புறமாக, வடக்கே தள்ளப்படுகிறது. போன நீருக்குப் பதில் நீர் வேண்டும். மற்ற கடல்களில் என்றால் பக்கத்திலிருந்து வந்து நிரம்பிவிடும். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் கணவாயின் அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி எங்கும் நிலச் சுவரே இல்லை. சாய்ந்து நிற்க ஒரு சுவர் இல்லாமல் மேல்மட்டத்தில் நீர் தெற்கே வர முடியாது. கடலடி மேடுகள் தலைதூக்கும் சுமார் 2,000 மீட்டர் ஆழத்துக்குக் கீழேதான் வர முடியும். அதனால் ஆழத்து நீர் இழுக்கப்படுகிறது.

அங்கே அடர்த்தி அடுக்குகளே சரிவாகப் படுத்திருக்கின்றன. வட அட்லாண்டிக்கில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே இருக்கும் அடுக்கு தெற்கே வந்து மேற்பரப்பைத் தொடுகிறது. நீர் தன் அடுக்கிலேயே சறுக்குப் பலகையில் ஏறுவது போல வந்துவிடும். சூடாக வேண்டியதே இல்லை. டாக்வைலரும் சாமுவேல்ஸும் 1995-இல் இதைத் தெளிவாக வைத்தார்கள். மங்க் இதைக் கணக்கில் எடுக்காததால்தான் அவருக்கு அவ்வளவு கலக்கல் தேவைப்பட்டது. டீச்சர், மாணவியிடம் "காற்று தூக்குகிறது" என்று சொல்லுங்கள், போதும்.

#10 வெப்பவியல்
நீங்கள் சொன்னதில் முக்கால் பங்கை நான் ஏற்கிறேன். "போதும்" என்றதை மட்டும் ஏற்க முடியாது.

கடலை இரண்டு மாடியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வட அட்லாண்டிக்கில் இறங்கும் நீர் மேல் மாடி. அது பெரும்பாலும் நீங்கள் சொன்ன வழியில் தென் கடலில் காற்றால் வெளியே வருகிறது. ஆனால் அண்டார்டிகாவின் கரையோரத்தில், வெட்டெல், ராஸ் கடல்களில், பனி உறையும்போது ஒதுங்கும் உப்பால் கனமாகி இறங்கும் நீர் எல்லாவற்றுக்கும் அடியில் போகிறது. பசிபிக்கின் அடித்தளத்தையும் இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தையும் நிரப்புவது அதுதான். அந்த அடுக்குகள் வடக்கே எங்கும் மேற்பரப்பைத் தொடுவதில்லை. சறுக்குப் பலகையில் ஏற வேண்டுமென்றால் முதலில் பலகையின் மட்டத்துக்காவது வர வேண்டும். அதற்கு அது லேசாகியே ஆக வேண்டும். அங்கே கலக்கலை விட்டால் வேறு வழி இல்லை.

இந்தியப் பெருங்கடலை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே ஆசியா அடைத்து நிற்கிறது. இங்கே ஆழ்நீர் பிறக்க இடமே இல்லை. தெற்கிலிருந்து அடியில் வந்து நுழையும் நீர் மேலே ஏறித்தான் திரும்பிப் போக முடியும்.

#11 தெற்குக்காற்று
அடி மாடியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். "போதும்" என்றது அவசரம்.

#12 புதியவன்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் கரையோரம் குளிர்நீர் மேலே வந்து மீன் பெருகுகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? இன்னொன்று, வளைகுடா நீரோட்டம் நின்றுவிடும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

#13 வெப்பவியல்
ஒன்றல்ல. கரையோரத்தில் வருவது நூறு, இருநூறு மீட்டருக்குள் இருக்கும் நீர். காற்று மேல்நீரை ஒதுக்கும்போது வருகிறது, வாரங்களில் நடக்கிறது. நாம் பேசுவது கிலோமீட்டர் ஆழம், நூற்றாண்டுக் காலம்.

வளைகுடா நீரோட்டத்தில் பெரும்பகுதி காற்றாலும் பூமியின் சுழற்சியாலும் ஓடுவது, அது நிற்காது. பலவீனமாகலாம் என்று அஞ்சப்படுவது அட்லாண்டிக்கின் மேல்-கீழ்ச் சுழற்சி. அதை 26.5 டிகிரி வட அட்சத்தில் 2004 முதல் கருவிகளை நட்டு அளக்கிறார்கள், சராசரி வினாடிக்கு 1.7 கோடி கன மீட்டர் அளவில் இருக்கிறது. பெரிய விஷயம், தனி இழை திறவுங்கள். இங்கே ஆரம்பித்தால் ரீச்சரின் கேள்வி தொலைந்துவிடும்.

#14 வடமராட்சியான்
ஐயாவும் ரீச்சர் எண்டு எழுதத் தொடங்கிவிட்டார், சந்தோஷம்.

என்ர கேள்வி இது. மலைச் சரிவுகளுக்குக் கிட்ட கலக்கல் வலுவாக இருக்கெண்டால் அங்கே வெப்பம் நிறைய இறங்கும், நீர் லேசாகி ஏறும். இடம்தான் மாறுது, மற்றபடி மங்க் சொன்னதுதானே?

#15 கணக்கன்
எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் கணக்குப் போட்டால் தலைகீழாக வருகிறது. இந்த இழையில் நான் சொல்ல ஆசைப்பட்ட இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூன்று மாடி வீடு. வெப்பத்தைப் பணமாக வைத்துக்கொள்வோம். மேல் மாடி நடு மாடிக்குக் கொடுக்கிறது, நடு மாடி தரைத்தளத்துக்குக் கொடுக்கிறது. கலக்கல் எங்கே வலுவோ அங்கே கைமாறும் தொகை அதிகம். மாலுமி அண்ணன் அளந்த மாதிரி கலக்கல் தரையை நெருங்க நெருங்கக் கூடுகிறது. அப்படியானால் நடு மாடிக்கு மேலிருந்து 3 ரூபாய் வரவு, கீழே 5 ரூபாய் செலவு. தினமும் 2 ரூபாய் நட்டம்! வெப்பத்தில் நட்டம் என்றால் அந்த நீர் குளிர்கிறது, கனமாகிறது, இறங்குகிறது. மலைக்கு மேலே வலுவாகக் கலங்கும் நீர் ஏறவில்லை. இறங்குகிறது.

அப்போது எது ஏறும்? தரைத்தளம். அதற்கு 5 ரூபாய் வரவு உண்டு, கீழே கொடுக்க ஆள் இல்லை. கீழே பாறை. பூமிக்குள்ளிருந்து சதுர மீட்டருக்கு 0.1 வாட் அளவில் கொஞ்சம் வெப்பம் வரத்தான் செய்கிறது, அதுவும் வரவுப் பக்கமே. எனவே பாறையை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் சூடாகி லேசாகிறது. தரை மட்டமாக இருந்தால் அது போக வழி இல்லை, தலைக்கு மேல் இன்னும் லேசான நீர் படுத்திருக்கிறது. சரிவாக இருந்தால் சரிவைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறலாம்.

ஃபெராரி, மக்டூகல் குழு 2016-இல் இதைத் தெளிவாக எழுதியது. டி லவர்ன் குழுவும் அதே காலத்தில் இந்தப் பக்கம் வந்தது. சரிவை ஒட்டிப் பெரு வெள்ளம் ஏறுகிறது, அதற்குச் சற்று வெளியே அதில் பெரும்பகுதி திரும்ப இறங்குகிறது, இரண்டின் வித்தியாசம்தான் நமக்குத் தெரியும் நிகர ஏற்றம். ஏறுவது அந்த நிகரத்தைப் போலப் பல மடங்கு.

நடுக்கடல் முழுக்க நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற படத்தை அழித்துவிட்டு, கடலடி மலைகளின் சுவரோரம் ஏறும் படலம் என்று வரைய வேண்டும் டீச்சர்.

#16 வடமராட்சியான்
மூன்று தரம் படித்தேன். விளங்கிவிட்டது. நடு மாடி நட்டப்படுகிற கதை வீட்டுக் கணக்குப் புத்தகம் எழுதுகிறவனுக்கு நல்லா விளங்கும். ஆனால் இதை ஆராவது கண்ணால் கண்டவையோ? சமன்பாட்டில் மட்டும்தானோ?

#17 மாலுமி
கண்டார்கள். 2021 ஜூலையில், அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தில். டிஸ்கவரி என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல். கடலடியில் செங்குத்தான ஒரு பள்ளத்தாக்கு, அதன் தரைக்குச் சில மீட்டர் மேலே, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு பீப்பாய் அளவு ஃபுளோரசீன் சாயத்தை விட்டார்கள். பச்சையாக ஒளிரும் சாயம், மிக மிகக் கொஞ்சம் இருந்தாலும் உணரி பிடித்துவிடும். பிறகு கருவியை ஏற்றி இறக்கிக்கொண்டே சாயம் எந்த அடுக்குக்குப் போகிறது என்று நாள் கணக்கில் துரத்தினார்கள்.

சாயம் தரையை ஒட்டி லேசான நீருக்குள் ஏறியது. வேகம் நாளுக்கு 100 மீட்டர் அளவில். மங்க் சொன்ன ஒரு சென்டிமீட்டரைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. 2024-இல் கட்டுரை வந்தது. படித்த அன்று, இருட்டில் நின்று விளக்கைத் தேடிய அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கடைசி இருநூறு மீட்டரில் துடித்த கோட்டை நாங்கள் அன்று சரியாகப் பார்க்கவில்லை. "தரை இரைச்சல்" என்று குறித்து வைத்தோம்.

ஒரு பள்ளத்தாக்கு, சில நாட்கள். உலகக் கடல் முழுக்க இப்படித்தான் என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்னும் பல இடங்களில் சாயம் விட வேண்டும்.

#18 கணக்கன்
டீச்சர், இதை வகுப்பில் காட்ட முடியும். 1970-இல் ஃபிலிப்ஸ் ஒரு பக்கம், மேலே சொன்ன அதே வுன்ஷ் இன்னொரு பக்கம், தனித்தனியே கண்ட விஷயம் இது. உப்பு அடுக்காக நிற்கும் நீரில் ஒரு சாய்ந்த தகட்டை வைத்தால், யாரும் கலக்காமலேயே தகட்டின் மேல்முகத்தை ஒட்டி நீர் மெல்ல ஏறும். உப்பு தகட்டுக்குள் போக முடியாது, நம் வெப்பம் பாறைக்குள் போக முடியாதது போல.

அடியில் அடர்ந்த உப்புநீர், மேலே போகப்போக நீர்த்தது என்று நாலைந்து அடுக்காக விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள், அடுக்குகளின் ஓரம் மழுங்கிவிடும். சாயத்தை நேரடியாக விடாதீர்கள், கனத்தில் இறங்கிவிடும். எந்த உயரத்தில் விடப்போகிறீர்களோ அதே உயரத்து நீரை ஊசியால் உறிஞ்சி, அதில் ஒரு துளி மையைக் கலந்து, அங்கேயே திரும்ப விடுங்கள்.

#19 கயல்
செய்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஆய்வகத்தில் ஓரடி உயர மீன் தொட்டி ஒன்று இருந்தது. கல் உப்பு முக்கால் கிலோ வாங்கினோம். அடியில் அடர்ந்த நீர், மேலே மேலே நீர்த்தது, ஐந்து அடுக்கு. அடுக்கு கலையாமல் இருக்க நீரின் மேல் ஒரு பஞ்சுத் துண்டை மிதக்க விட்டு, அதன் மேல் ஊற்றினோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்ணாடித் தகட்டைச் சாய்த்து இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன். ஆய்வக உதவியாளர் மின்விசிறியைப் போடாமல் பார்த்துக்கொண்டார், அவருக்கு நன்றி.

திங்கள் காலை ஒன்பதரைக்கு அவளே ஊசியைப் பிடித்தாள். கை நடுங்காமல் தகட்டின் மேல்முகத்தில் பாதி உயரத்தில் நீல மையை விட்டாள். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. வகுப்பில் சலசலப்பு. அரை மணியில் நீலப் புள்ளியின் மேல் ஓரம் மெல்ல மழுங்கி, தகட்டை ஒட்டி மயிரிழை மாதிரி ஒரு நாக்கு நீண்டது. மணி அடித்தபோது அது ஒரு விரற்கடை ஏறியிருந்தது. தகட்டிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்த மை அசையாமல் அப்படியே நின்றது. முப்பத்தெட்டுப் பேரும் முறை வைத்து வந்து குனிந்து பார்த்தார்கள்.

நிலா, தெற்குக் கடலின் காற்று, மூன்று மாடி வீடு, ராக்கால் சாயம் எல்லாம் சொன்னேன். நடு மாடி நட்டப்படும் இடத்தை இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் மட்டும் திரும்ப ஆய்வகத்துக்கு வந்தாள். தகட்டின் அடிமுகத்திலும் ஒரு துளி விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். விட்டோம். அங்கே நாக்கு கீழ்நோக்கி இறங்குகிறது. ஏன் என்று இப்போது அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கணக்கன் சார், விடையை இங்கே போட்டுவிடாதீர்கள். நாளை வரைக்கும் அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறேன்.

#20 கணக்கன்
போடவில்லை. நாளை அவள் எழுதியதைப் படமெடுத்துப் போடுங்கள் டீச்சர், காத்திருக்கிறேன்.